மிதிக்க வேண்டிய பிரதி

போன மாதம் சுவிற்சர்லாந்தின் பீல் நகர நாடக அரங்கின் மேடைப்பொருள் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றேன். கடைசி வாரத்தில், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். அவள் கையில் ஒரு சிறு கணினிப் பலகை. பழைய நாடகங்களின் பொருட்பட்டியல் முழுவதையும் அதற்குள் ஏற்றிவிட்டார்கள். எந்தக் கோப்பை, எந்தக் காட்சியில், யார் கையில் போகவேண்டும் என்று தொட்டால் சொல்கிறது.

"எண்பதுகளில நடந்த ஒரு நாடகத்தில, இருபத்திநாலாவது பொருளுக்கு நேரே 'பிரதி: தொடங்க முதல் மிதிக்கவும்' எண்டு இருக்கு. உங்கட கையெழுத்து. பிழையோ?" என்றாள்.

"பிழையில்லை. அழிச்சிடாதையும்" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவளுக்குப் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன். அங்கே எல்லோரும் பேசியது ஜெர்மன். ஆனால் எனக்கு அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் நினைவிருக்கிறது. அப்படியே தருகிறேன்.

நான் வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருடையதும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்து, காத்திருக்க முடியாமல் புறப்பட்டேன். முதல் ஒரு வருடம் லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். எனக்கு இருந்த ஒரே நோய் சும்மா இருக்க முடியாமை. மரக்கறி சுற்றிவந்த பழைய பத்திரிகையைக் கழுவுதொட்டிக்கு மேலே ஒட்டிவைத்து ஜெர்மன் படித்தேன். தலைமைச் சமையல்காரர் கிழித்தெறிந்தால் மறுநாள் வேறு பக்கம் ஒட்டினேன். பிறகு பீலுக்கு வந்து, கைக்கடிகாரக் கூடுகளை மினுக்கும் பட்டறையில் வேலைசெய்த இராசன் அண்ணையின் அறையில் ஒட்டிக்கொண்டேன். அரங்கில் மேடை கூட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஓடினேன்.

இராசன் அண்ணை சிரித்தார். "பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவர் இப்ப விளக்குமாறுக்கு விண்ணப்பம் போடுறார். போ தம்பி போ. பட்டறையில ஒருத்தரும் கை தட்டமாட்டினம். அங்கையாவது தட்டுவினம்."

மூன்றாவது வாரம், நாடகம் முடிந்து மேடையைக் கூட்டும்போது திரைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குவளை உருண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு போய், பக்கவாட்டில் இருந்த நீண்ட மேசையில், குவளையின் அடிவட்டம் பென்சிலால் வரையப்பட்டிருந்த இடத்தில் வைத்தேன். மறுநாள் என் விளக்குமாறு காணாமல் போயிருந்தது. அது இருந்த மூலையில் ஒரு பொருட்பட்டியல் தொங்கியது, மேலே என் பெயருடன். மேடைப்பொருள் பிரிவின் தலைவர் ஹேர் (ஜெர்மனில் 'திரு') ஷெரர் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முறை அதுதான். கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். மேடையின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிதாகக் கபில நிறத் தாள் விரித்து, பொருட்களை அவை மேடைக்குப் போகும் ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, உள்ளே பெயர் எழுதுவோம். கோட்டுக்குள் பொருள் இல்லை என்றால் அது மேடையில் இருக்கிறது. காட்சி முடிந்தும் கோடு வெறுமையாக இருந்தால் அது தொலைந்துவிட்டது. திரை திறப்பதற்கு முன் மூன்று தடவை சரிபார்க்க வேண்டும்: முதலில் பட்டியலை வைத்து, பிறகு பட்டியல் இல்லாமல், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையால் தொட்டு. கடிதமென்றால் மடிப்பு நடிகரின் பெருவிரல் பக்கம் இருக்கவேண்டும். குடையென்றால் பிடி வெளியே பார்க்கவேண்டும். நடிகரின் கை ஒருபோதும் தேடக்கூடாது. ஹேர் ஷெரர் எனக்குச் சொன்ன ஒரே தத்துவம் அதுதான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழை நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெல்லத் துடைத்து, திரும்பப் போட்டு, "இன்னொருக்கா" என்பார். முழு மேசையையும் கலைத்து மறுபடி அடுக்கவேண்டும். பாராட்டு வேண்டுமா? ஒரு நாள் உங்கள் மேசையைப் பார்க்காமல் கடந்து போவார். அதுதான் பாராட்டு. எனக்கு அது கிடைக்க ஐந்து மாதம் எடுத்தது. கிடைத்த அன்று இராசன் அண்ணைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை எண்டுறதுக்கோ இந்தத் துள்ளல் துள்ளுறாய்?" என்றார்.

அந்த அரங்கில்தான் ஹலினாவைக் கண்டேன்.

போலந்தில் அவர் முகம் தெரியாத வீடு கிடையாதாம். இருபது வருட மேடை. அதைவிடச் சினிமா. ஒரு படத்தில் டிராம் வண்டி ஓட்டும் பெண்ணாக நடித்த பிறகு, அவர் ஊர் டிராம்காரர்கள் அவரிடம் சீட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்று பீலில் வேலைசெய்த ஒரு போலந்துக்காரர் எனக்குச் சொன்னார். சொல்லும்போதே எழுந்து நின்று சொன்னார். நாட்டில் இராணுவச் சட்டம் வந்ததற்கு அடுத்த வருடம் ஒரு நாடகக் குழுவோடு வெளியே வந்த ஹலினா திரும்பிப் போகவில்லை.

எங்கள் அரங்கில் அவருக்குக் கிடைத்தவை வாய் திறக்காத வேடங்கள். கன்னியாஸ்திரி. விருந்தாளி. ஒரு முழு நாடகப் பருவம் பிணம். "உங்கட முகம் நல்ல ஜெர்மன் கதைக்குது மதாம். வாய்தான் கதைக்குதில்லை" என்று அரங்கின் இயக்குநர் சொன்னார். ஹலினா தலையை ஆட்டினார். பிறகு பொருள் மேசைக்கு வந்து, தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, "இந்தப் பிணத்துக்கு உச்சரிப்புப் பிழையில்லை" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பகலில் அவருக்கு இன்னொரு வேலை. சொந்த ஊரில் ஒரு பிள்ளைகள் மருத்துவமனை. அங்கே பால்மாவும் மருந்தும் தட்டுப்பாடு. கடை கடையாக, மருந்தகம் மருந்தகமாக ஏறிச் சேர்த்துப் பொதி கட்டி அனுப்புவார். பொதி கட்ட இடம், அவர் குடியிருந்த மாடிவீட்டின் பொதுச் சலவை அறை. இந்த நாட்டில் சலவை அறையில் இன்னொருவருடைய முறைநாளில் ஒரு காலுறையைக் காயவிட்டாலே கடிதம் வரும். ஹலினாவுக்கு வாராவாரம் வந்தது. கடைசியில் அவர், அந்தக் கடிதங்களை எழுதிய வீட்டுக்காரியின் கதவைத் தட்டி, அவரையே பொதிகளில் விலாசம் எழுத வைத்துவிட்டார். கையெழுத்து மிக அழகு என்று சொன்னாராம். அந்த அம்மா பிறகு மூன்று வருடம் விலாசம் எழுதினார்.

ஒரு கோடையில் ஒரு தொலைக்காட்சிப் படக்குழு லுசேர்ணுக்கு வந்தது. ஹோட்டல் பணிப்பெண் வேடம் ஹலினாவுக்கு. ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு வரி. பொருட்களுக்கு ஆள் போதாமல் எங்கள் அரங்கில் என்னைக் கடன் கேட்டார்கள். போய்ப் பார்த்தால் நான் கோப்பை கழுவிய அதே ஹோட்டல். ஒரு வருடம் பின்கதவால் போய்வந்தவன், கையில் பட்டியலோடு முன்கதவால் நுழைந்தேன். வாசல்காரர் என்னை அடையாளம் கண்டு, ஒரு கணம் யோசித்து, தொப்பியைத் தொட்டார். அந்த ஒரு கணத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஹலினா என்னைச் சமையலறைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "நீர் இங்க வேலை செய்தனீர் தானே. பத்து மணித்தியாலம் நிண்ட பிறகு ஒரு ஆள் எப்பிடி நிக்கும்? செய்து காட்டும்."

"நிக்கிறதுதான். என்ன செய்து காட்டுறது?"

"காட்டும் எண்டுறன்."

நின்றேன். எனக்கே தெரியாமல் ஒரு காலைச் சப்பாத்திலிருந்து பாதி கழற்றி, குதியை மற்றக் காலின் மேல் வைத்திருக்கிறேன். ஹலினா அதை ஒருமுறைதான் பார்த்தார். படப்பிடிப்பில், தன் வரியைச் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்று, முகத்தில் எதுவும் காட்டாமல், குதியைச் சப்பாத்திலிருந்து பாதி கழற்றினார். நெறியாளர் 'வெட்டு' சொல்ல மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒளிப்பதிவாளர் கமெராவைக் கீழே இறக்கி அந்தக் காலை எடுத்தார். படம் வந்தபோது பத்திரிகைகள் கதாநாயகியைப் பற்றி ஒரு பந்தியும் அந்தக் காலைப் பற்றி இரண்டு பந்தியும் எழுதின.

அந்தத் துணிவில்தான் அவர் இயக்குநரிடம் போனார். பனிக்காலத்தின் நடுவில் அரங்கு சும்மா கிடக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாலைகளைக் கேட்டார். தானே எழுதிய தனிநபர் நாடகம். ஜெர்மனில். நுழைவுச்சீட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு ரின், அதாவது ஒரு டப்பா, பால்மா. திங்கட்கிழமை காலை ஒரு போலந்து லொறி வரும். ஊருக்கு வெறுமையாகத் திரும்பிப் போகிற லொறி, சுங்கப் பத்திரம் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும். மூன்று மாலையில் அதை நிரப்பவேண்டும்.

இயக்குநர் மேசையில் விரலால் தட்டினார். "மூண்டும் சரிவந்தா அடுத்த பருவத்தில உங்களுக்குக் கதைக்கிற வேடம் தாறன். சரிவராட்டி..." அவர் முடிக்கவில்லை. ஹலினாவும் முடிக்கச் சொல்லவில்லை.

நாடகம் ஒரு ரயில் நிலையத்தில், பயணிகள் விட்டுப்போன பொதிகளைக் காக்கும் பெண்ணைப் பற்றியது. யாரும் திரும்பி வந்து எடுக்காத பெட்டிகளை அவள் ஒவ்வொன்றாகத் திறக்கிறாள். மேடையில் ஒரு மனிதர், இருபத்திமூன்று பொருட்கள். எங்களுக்கு அது பரீட்சை. ஹேர் ஷெரர் இடது மேசையைத் தான் எடுத்துக்கொண்டு வலது மேசையை எனக்குத் தந்தார். கூடவே, வரி மறந்தால் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பும் என்னிடம். அதனால் பிரதி என் பக்கத்தில் இருந்தது. நூலால் கட்டிய தட்டச்சுத் தாள்கள், ஓரம் முழுவதும் போலந்து மொழியான போலிஷில் ஹலினாவின் பென்சில் குறிப்புகள்.

புதன்கிழமை ஒத்திகை. ஹலினா ஒரு வரியைச் சரிபார்க்கப் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதிரையின் கைப்பிடியில் வைத்தார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் உடனே காலைத் தூக்கினார். சப்பாத்துக் கால். நேராகப் பிரதிக்கு மேலே.

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. மேசையைச் சுற்றி ஓடி, குனிந்து, அவர் காலுக்குக் கீழிருந்து பிரதியைப் பறித்தெடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புத்தகத்தில் கால்பட்டால் உங்கள் கையும் தானாகத்தான் போகும். எனக்கு அதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த மறுநாள் காலை, காற்றில் வந்து தெருவில் படிந்த கரித்தாள்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தவன் நான். எழுத்து தெரிந்த துண்டுகளும் கிடந்தன.

நிமிர்ந்து பார்த்தால் ஹலினாவின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன வேலை செய்தீர்?"

"புத்தகத்தை மிதிக்கக்கூடாது மதாம்."

"மிதிச்சே ஆகவேணும்" என்றார். "பிரதி விழுந்தால் முதல் மிதிச்சுப்போட்டுத்தான் எடுக்கவேணும். போலந்தில எந்த மேடையிலும் அதுதான் வழக்கம். மிதிக்காமல் எடுத்தால் நாடகம் விழும். முந்தி ஒருக்கா என்ர ஊரில, ஒரு சின்ன நடிகை மிதிக்காமல் எடுத்தவள். நாங்கள் சிரிச்சனாங்கள். அடுத்த நாள் விடியக்காலமை இராணுவச் சட்டம் எண்டு நாட்டில இருந்த எல்லா அரங்கையும் பூட்டிப்போட்டாங்கள்."

"அதுக்கும் இதுக்கும் என்ன..."

"ஒண்டுமில்லை. நான் படிச்சவள், நம்பேல்லை." கதிரையில் உட்கார்ந்தார். "என்ர நாக்குத்தான் நம்புது."

அன்று நாக்கு உண்மையிலேயே நம்பியது. அதுவரை ஒரு சொல் தவறாதவர் நான்கு இடத்தில் நின்றுபோனார். வியாழன் ஒத்திகையில் ஏழு இடம். ஜெர்மன் அவர் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பிரதியை மறுபடி கீழே போட்டுத் தானே மிதித்துப் பார்த்தார். பயனில்லை. "எடுத்த ஆள்தான் மிதிக்கவேணும்" என்று சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஹேர் ஷெரரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பன்னிரண்டு வருஷம் ஒரு பாடகருக்குப் பச்சை வெங்காயம் வைச்சனான். பொக்கற்றுக்குள்ள அது இல்லாட்டி மேடைக்குப் போகமாட்டார். பட்டியலில வெங்காயத்துக்கு ஒரு நம்பர். மேசையில வட்டம். பாட்டுக்கும் வெங்காயத்துக்கும் என்ன எண்டு நான் கேக்கேல்லை."

"வெங்காயம் வேற. இது எனக்குச் சரஸ்வதி."

"அது ஆர்?"

சொன்னேன். படிப்புக்கும் எழுத்துக்கும் கலைக்கும் உரிய தெய்வம் என்றேன்.

"அப்ப அவ எங்கட பிரிவுதான்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் கட்டளை தரமாட்டன். உம்முடைய பட்டியலை நீர்தான் எழுதுறீர்."

இராசன் அண்ணையிடம் அனுதாபம் கிடைக்கும் என்று நினைத்தது என் மடத்தனம். கருவாடு பொரித்துக்கொண்டு கேட்டுவிட்டுத் திட்டினார். "உனக்குக் கோதாரி. படிப்பை நடுவில விட்டிட்டு வந்தாய். அப்பவே சரஸ்வதி கோவிச்சாச்சு. இனி மிதிச்சா என்ன, மிதிக்காட்டி என்ன?" பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, "லொறி என்னத்துக்கு வருது?" என்று கேட்டார்.

"பிள்ளையளுக்குப் பால்மா."

"ம்ம்" என்றார். கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

வெள்ளி மாலை. அரங்கில் மூன்றில் ஒரு பங்குதான் ஆட்கள். வாசலில் சேர்ந்த ரின்கள் எங்கள் பொருளறையின் ஒரேயொரு தட்டை நிரப்பின. பத்திரிகை விமர்சகர் நான்காவது வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லப் போகிறார்களோ அதுதான் சனி, ஞாயிறு. அதுதான் லொறி.

மேசையை மூன்று தடவை சரிபார்த்தேன். கண்ணை மூடித் தொட்டுக்கொண்டு போகும்போது ஒரு குளிர்ந்த கை என் கையைப் பிடித்தது. ஹலினா. சீருடை, தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து.

"முதல் வரி இல்லை" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். திருப்பிச் சொன்னார். பத்து விநாடி கழித்துக் கேட்டேன். இல்லை. மறுபடி கொடுத்தேன். இல்லை. ஒரு முழு வாழ்க்கையை மேடையில் கழித்த பெண், திரைக்குப் பின்னால், முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைபோல நின்றார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஹேர் ஷெரர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடம்.

பிரதியைத் தரையில் வைத்தேன். குனிந்து சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறீர்?"

"வெறுங்காலால மிதிக்கிறன். அது கொஞ்சம் மரியாதை."

"சப்பாத்தோட."

"வெறுங்கால் செல்லாதோ?"

"தெரியாது. ஒருத்தரும் வெறுங்காலால மிதிச்சதில்லை. இண்டைக்குச் சோதிச்சுப் பார்க்க வேண்டாம்."

நூலை மறுபடி கட்டினேன். ஹேர் ஷெரர் ஒரு விரலைக் காட்டினார். 'தாயே, இது வேலை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிதித்தேன். அரைகுறையாக இல்லை, முழுப் பாரத்தையும் வைத்து. தாள் சப்பாத்துக்கடியில் முனகியது. எடுத்தேன். முதல் பக்கத்தில் என் சப்பாத்தின் அடித்தடம் கரிக்கறுப்பாகப் பதிந்திருந்தது. அதன் மேலேயே கண்களை ஒற்றிக்கொண்டேன், இடது, வலது, மறுபடி இடது.

ஹலினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வருமென்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"மூக்கில கரி" என்றார். என் மூக்கைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு, சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு, விளக்குக்குள் நடந்தார்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. என் விரல் பிரதியில் அவர் கூடவே ஓடியது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இயக்குநர் பிழை என்று சொன்ன அந்த உச்சரிப்பு, எல்லா ஊர்ப் பயணிகளையும் பார்த்துக் களைத்த ரயில் நிலையப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. ஆறாவது பெட்டி திறக்க மறுத்தது. ஒத்திகையில் எப்போதும் திறந்த பூட்டு. ஹலினா பெட்டியை உற்றுப் பார்த்துப் போலிஷில் நீளமாக ஏதோ திட்டினார். மூன்றாவது வரிசையில் இருந்த போலந்துக்காரர்கள் வெடித்துச் சிரிக்க, விளங்காத சுவிஸ்காரர்களும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பூட்டு திறந்துகொண்டது. உள்ளே ஒரு சிறுபிள்ளையின் கம்பளிக் கையுறை, ஒற்றை. அதைத் தன் பெரிய கையில் போட முயன்று, நான்கு விரல் நுனி மட்டும் நுழைய, அப்படியே நின்றார். அரங்கில் யாரோ ஒருவருடைய கதிரை கிரீச்சிட்டது. அவ்வளவுதான் சத்தம்.

ஹேர் ஷெரர் நாடகம் நடக்கும்போது மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பவர். அவருக்குப் பொருட்கள்தான் முக்கியம். அன்று திரும்பி நின்று பார்த்தார்.

திரை விழுந்ததும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் முழு அரங்கின் சத்தம் போட்டார்கள். விமர்சகர் எழுந்து நின்றார். அப்போதுதான் கோட்டைக் கழற்றியிருக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

அன்றே பட்டியலில் இருபத்திநாலாவது பொருளை எழுதினேன். சனியும் மிதித்தேன், ஞாயிறும் மிதித்தேன், இரண்டு நாளும் கண்ணில் ஒற்றினேன்.

சனி காலைப் பத்திரிகையில் விமர்சனம் வந்துவிட்டது. மாலையில் வாசலிலிருந்து பஸ் தரிப்பு வரை வரிசை, ஒவ்வொரு கக்கத்திலும் ரின். சலவை அறைச் சண்டைக்காரி ஒரு கைவண்டியோடு வந்தார். அவருக்குப் பின்னால் இராசன் அண்ணை, நகரத்து அகதி விடுதியிலிருந்து ஒன்பது தமிழ்ப் பெடியளோடு. ஆளுக்கொரு ரின்.

"அண்ணை, நாடகம் ஜெர்மனில. விளங்காது" என்றேன்.

"ரின்னைக் குடுத்தாச்சு. ஒரு கதிரை எனக்குச் சொந்தம். விளங்கிறது விளங்காதது என்ர பாடு."

முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். முடிந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஒரு கோதாரியும் விளங்கேல்லை" என்றார். பிறகு, "அந்த ஒற்றைக் கையுறை மட்டும் விளங்கிச்சு. நாளைக்கும் வரலாமோ? இன்னொரு ரின் வாங்கவேணும்."

ஞாயிறு மாலை கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். தீயணைப்புப் பொறுப்பாளர் எண்ணிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் எண்ணுவதை நிறுத்தி, தானும் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார்.

திங்கள் காலை லொறி பின்வாசலுக்கு வந்தது. பொருளறை, நடைபாதை, உடைமாற்றும் அறை, ஒத்திகை மண்டபம் எங்கும் ரின். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு இராசன் அண்ணையும் பெடியளும் வந்திருந்தார்கள். போலந்துக்காரர்களும் வந்தார்கள். ஒரு சங்கிலியாக நின்று கைமாற்றினோம். ஹேர் ஷெரர் லொறிக்குள் ஏறி, அவர் மேசையை அடுக்கும் ஒழுங்கிலேயே அடுக்கினார். இரண்டு தடவை "இன்னொருக்கா" என்று முழு வரிசையையும் இறக்கவைத்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் கதவு சாத்தமுடியவில்லை. மூன்றுபேர் முதுகால் தள்ளி, மேடைத்திரை இழுக்கும் கயிற்றால் கட்டினோம்.

இயக்குநர் பனியில் சப்பாத்து நனைய இறங்கி வந்தார். ஹலினாவுக்குக் கை கொடுத்து, "அடுத்த பருவம், முதல் நாடகம். முழுக்கக் கதைக்கிற வேடம்" என்றார். அந்தப் பருவத்துக்குப் பிறகு சூரிச்சிலும் பேர்ணிலும் மேடை, நான்கு படங்கள், பனிக்காலத்துக்கு ஒரு லொறி என்று அவருடைய எண்பதுகள் ஓடிப்போயின. எழுதினால் அது தனிப் புத்தகம்.

அன்று காலை அவருக்கு அதைக் கேட்க நேரம் இருக்கவில்லை. "நல்லது நல்லது" என்று இயக்குநரின் கையை விட்டுவிட்டு லொறியின் முன்பக்கம் ஓடினார். சாரதி சுங்கப் பத்திரத்தை இயந்திர மூடியின் மேல் வைத்துக் காத்திருந்தார். அனுப்புபவர் பெயர், விலாசம் எழுதிவிட்டு ஹலினாவின் பேனா நின்றது. அடுத்த கட்டம்: தொழில்.

"அதில என்னத்தையும் எழுதலாம். எல்லையில ஒருத்தரும் வாசிக்கிறதில்லை" என்றார் சாரதி.

"வாசிப்பினம்" என்றார் ஹலினா.

எழுதினார். கட்டம் சிறியது, அவர் எழுத்து பெரியது. கோட்டைத் தாண்டி அடுத்த கட்டம் வரை ஓடியது: நடிகை. மை உலர ஊதிவிட்டு, பத்திரத்தைச் சாரதியின் கையில் கொடுத்து, லொறியின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அது புறப்பட்டது.